பெட்டித்தலையனுக்கு இரண்டு அடையாளம்

திருகோணமலைக் கடலில் அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. பென்ஷன்காரர்கள் நாம் இத்தனை பேர் வேன் பிடித்துப் போய், விடிந்ததும் விடியாததுமாய்ப் படகில் ஏறி, வாந்தியெடுத்தவர்கள் எடுத்து முடித்து, மற்றவர்கள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தூரத்தில் தண்ணீர் பீச்சியதும் நீங்கள் எல்லாரும் "டொல்பின், டொல்பின்" என்று கத்தினீர்கள். ஒருவர் மட்டும் "நீலத் திமிங்கிலம்" என்றார். பெரிதாக இருந்தால் நீலம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. நானாவது சும்மா இருந்திருக்கலாம்.

"ரெண்டுமில்ல. நீலம்னா பீச்சு நெட்டுக்குத்தா மேல போகும். இது முன்னால இடது பக்கம் சாயுது பாருங்க. முதுகுத் தோலும் சுருங்கிக் கெடக்கு. இது பெட்டித்தலையன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

படகுக்காரர் திரும்பிப் பார்த்தார். "அம்மா சொல்லுறது சரி. நீங்க எந்த ஊர்?" என்றார். கண்டி என்றேன். "கண்டியில எங்கயம்மா கடல் இருக்கு?" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு வேன் தம்புள்ளை வரும் வரைக்கும் அதே கேள்விதான். மலையில் பிறந்து, அரசாங்கக் கச்சேரியில் தட்டெழுதி, ரிட்டயரான பொம்பளைக்குத் திமிங்கிலத்தைப் பற்றி என்ன தெரியும்? நான் தூங்குகிற மாதிரி இருந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன். வாயால் சொன்னால் நடுவில் யாராவது "ஐயோ பாவம்" என்பீர்கள். எனக்கு அது ஆகாது.

பெட்டித்தலையன் என்ற பெயர் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. நானும் என் அண்ணனும் வைத்த பெயர். உனக்கு அண்ணன் இருந்தானா என்று கேட்பீர்கள். இருந்தான். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது செத்துப்போனான். அவன் செத்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே அடையாளம் பார்த்துக் கண்டுபிடித்தேன்.

ஹந்தானையில் எங்கள் அப்பா பங்களாத் தோட்டக்காரர். துரையின் ரோசாச் செடிகளுக்கு உரம் போடுவது அவர் வேலை. அம்மா மலையில் கொழுந்து பறித்தாள். தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப் போகிறது என்று பேச்சு அடிபட்ட காலம். வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு சீமைக்குத் திரும்பினார். போகும்போது துரைசாணி வேண்டாத சாமான்களை வேலைக்காரர்களுக்குக் கொடுத்தாள். சமையல்காரருக்குக் கம்பளி கிடைத்தது, அப்பாவுக்கு ஒரு பிஸ்கட் டின். பிஸ்கட் இருக்குமென்று நான் எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலிலிருந்து பங்களா வளைவு வரைக்கும் ஓடிப்போய் வாங்கினேன். திறந்து பார்த்தால் றப்பர் பட்டி போட்ட ஒரு கட்டுப் படங்கள். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியவை. எல்லாம் திமிங்கிலமும் டொல்பினும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணன் கண்டி டவுனில் பள்ளிக்கூடம் போனவன். படத்தின் பின்பக்கத்து இங்கிலீசை எழுத்துக் கூட்டி வாசித்தான். சீமையில் விற்கிற தேயிலைப் பெட்டி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு படம் சும்மா வைத்துக் கொடுப்பார்களாம், துரைசாணியின் பிள்ளைகள் சேர்த்து வைத்தது. அம்மா கொழுந்துக் கறை பிடித்த விரலால் ஒரு படத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"நாம பறிக்கிற கொழுந்துக்குள்ளயா இதெல்லாம் வச்சு விக்கிறானுங்க? நமக்குக் குடுக்கிற தூளுக்குள்ள குச்சிதானே இருக்கு" என்றாள்.

கடலை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. மகாவலிதான் எங்களுக்குப் பெரிய தண்ணீர். ஆனாலும் அந்த மழைக்காலம் முழுக்க நானும் அண்ணனும் கடலில்தான் இருந்தோம். பெயர்கள் இங்கிலீசில் நாக்கில் நிற்கவில்லை, நாங்களே வைத்துக்கொண்டோம். தலை ஒரு சவர்க்காரப் பெட்டி மாதிரி முன்னால் முட்டிக்கொண்டு நிற்பது பெட்டித்தலையன். நீண்ட வெள்ளைக் கையும் தலையெல்லாம் கட்டியும் உள்ளது கூனன். குட்டை மூக்கு போத்தல் மூக்கன். ஒல்லி மூக்கு நீட்டிக்கொண்டு வானத்தில் சுழன்று விழுவது பம்பரம். உடம்பெல்லாம் கீறல் விழுந்த மொட்டைத் தலை டொல்பின் ஒன்று இருந்தது. அதற்கு எங்கள் கணக்கப்பிள்ளையின் பெயரை வைத்தோம். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன், அவருடைய பேரன்மார் பொல்லாதவர்கள்.

விளையாட்டு இதுதான். ஒருவர் படத்தைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு துளி இடம் மட்டும் காட்ட வேண்டும். மற்றவர் பெயர் சொல்ல வேண்டும். ஒருநாள் அண்ணன் ஒரு முதுகுத் துடுப்பை மட்டும் காட்டினான். நான் போத்தல் மூக்கன் என்றேன். அவன் விரலை எடுத்தான், பம்பரம். இரண்டு துடுப்பும் ஒன்று போலத்தானே இருக்கிறது, இது கள்ள விளையாட்டு என்று நான் அவன் மயிரைப் பிடித்தேன். அவன் என் கையை முறுக்கினான். அம்மா விளக்குமாற்றோடு வந்தாள். அடி வாங்கிய பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு சட்டம் போட்டோம். ஒரு அடையாளத்துக்குப் பெயர் சொல்லக் கூடாது. இரண்டாவது அடையாளம் கேட்கலாம். இரண்டும் ஒத்துப் போனால்தான் பெயர்.

ஹந்தானைப் பனிமூட்டம் உங்களுக்குத் தெரியும். காலையில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அதில் வருகிறவர்களையும் நாங்கள் அப்படித்தான் கண்டுபிடிப்போம். குடை மட்டும் தெரிந்தால் போதாது. குடையும் இருமலும் சேர்ந்தால் கணக்கப்பிள்ளை. கொழுந்துக் கூடையும் இடது காலைச் சாய்த்து வைக்கிற நடையும் சேர்ந்தால் அம்மா. அம்மாவை நான் ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை.

அந்த வருசம் லயத்தில் வாரத்துக்கு ஒரு வீடாவது பூட்டிக்கொண்டிருந்தது. இந்தியாவுக்குப் போகிறவர்கள். ஒப்பந்தம், பிரஜாவுரிமை எல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, உங்களில் பாதிப் பேருக்கு அங்கே சொந்தம் இருக்கிறது. கப்பலுக்கு நாள் குறித்து வந்துவிட்டால் அதை மாற்ற முடியாது. கண்டியில் ரயில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், அங்கே கப்பல். கிளம்புகிற அன்றைக்கு லயமே ஒப்பாரி வைக்கும். "என்னைய விட்டுட்டுப் போறியே ராசா" என்று மாரில் அடித்து அழுவார்கள். திரும்பி வரப் போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க" என்று சொல்லித்தான் அனுப்புவார்கள்.

இழவு வீட்டில் அப்படியில்லை. பக்கத்து லயத்தில் ஒரு கிழவர் செத்தபோது அம்மாவோடு போயிருந்தேன். கிளம்பும்போது நல்ல பிள்ளையாக "போயிட்டு வாரேன்" என்றேன். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள். நீலமாய்க் கன்றிப் போனது. "எழவு வீட்டுல அப்புடிச் சொல்லாத. பேசாம எந்திரிச்சு வந்துரணும்" என்றாள். கிள்ளியது மட்டும்தான் அன்றைக்கு எனக்கு மனதில் பட்டது.

பிறகு அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் முழங்கால் வீங்கியது, பிறகு மணிக்கட்டு, பிறகு நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றான். தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த கலவை மருந்து கேட்கவில்லை. அம்மா அவன் பக்கத்திலேயே இருக்க வேண்டியிருந்ததால் என்னைப் புசல்லாவைக்குக் கூட்டிப்போக அம்மாவின் தங்கச்சி, என் சித்தி, வந்தாள். நான் சட்டை மாற்றிக்கொண்டு நின்றேன். அண்ணன் சாக்குக் கட்டிலில் படுத்தபடியே ஒரு படத்தை எடுத்து, பெருவிரலால் மறைத்து, ஓரத்தை மட்டும் காட்டினான். சாம்பல் நிறம். சுருக்கம் சுருக்கமாய்த் தோல்.

"என்ன இது? சொல்லு பாப்பம்."

"ஒண்ணு போதாது. ரெண்டாவது காட்டு" என்றேன்.

"வந்தப்புறம் காட்டுறேன், போ" என்றான். சித்தி, பஸ் போயிரும் என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

புசல்லாவையில் சித்தியின் லயம் பெரிய ரோட்டுக்கு மேலே. நுவரெலியா பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சுருங்கின தோல் யாருடையது என்பதே என் யோசனை. அண்ணன் சாவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காய்ச்சல் வந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போவதைத்தான் பார்த்திருந்தேன்.

ஒருநாள் சித்தப்பா வேலை நேரத்தில் வீட்டுக்கு வந்து சித்தியிடம் ஏதோ சொன்னார். சித்தி தரையில் உட்கார்ந்து அழுதாள். ஏன் என்று கேட்டேன். "ஒங்க பெரியப்பா குடும்பம் இந்தியாவுக்குப் போறாங்கடி" என்றாள். அது உண்மையும்தான். லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பரா அறையில் இருந்த பெரியப்பா குடும்பத்துக்குக் கப்பல் நாள் வந்திருந்தது. மறுநாள் சித்தி என்னைப் பஸ்ஸில் கூட்டி வந்தாள். கம்பளை வரைக்கும் அழுதாள், பேராதனைப் பாலம் வரைக்கும் அழுதாள். பஸ்ஸில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த நாளில் எங்கள் சனம் பஸ்ஸில் அழுவது புதினமில்லை.

லயத்துக்கு வந்தபோது மழை. அம்மா மண் தரையில் கிடந்தாள். "என்னைய விட்டுட்டுப் போயிட்டியே ராசா" என்று அழுதாள். பெரியப்பா காம்பராவில் பூட்டுத் தொங்கியது. சாக்குக் கட்டிலைக் காணவில்லை. அப்பா தலையெல்லாம் ஈரமாக வாசலில் நின்றார். "அண்ணன் எங்க?" என்று கேட்டேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு பூட்டைப் பார்த்தார்.

"பெரியப்பாவோட இந்தியாவுக்குப் போயிட்டான்" என்றார். "அங்க மதுரையில பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. நல்லாயி வருவான்."

"எங்கிட்ட சொல்லாமயா?"

"ஒன்னப் பாத்தா போக மாட்டேன்னு சொல்லிட்டான்."

ஒரு நிமிசம்கூட யோசிக்காமல் சொன்ன பொய். அவருக்குப் பின்னால் நின்ற லயத்துச் சனம் முழுக்க அதைக் கேட்டது, ஒருவர் வாய் திறக்கவில்லை. அன்று காலையில்தான் அண்ணனைத் தேயிலை மலைக்குள் புதைத்திருந்தார்கள். மண் காயும் முன்னே பெரியப்பா குடும்பம் கோச்சிக்குப் போக வேண்டியிருந்தது, கப்பல் நிற்காது. ஒரே நாளில் இரண்டு ஒப்பாரி. இரண்டுக்கும் வார்த்தை ஒன்றுதான். எது எதற்கென்று நான் எப்படிப் பிரிப்பேன்?

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமை வந்தது. அவன் மட்டும் கடலைப் பார்க்கப் போகிறானே என்று. அடுத்த நாள் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனபோது பொம்பளைகளிடம் எல்லாம் சொன்னேன். "எங்கண்ணன் இப்ப கப்பல்ல இருக்கும். அந்தப் பக்கம் கடல் ஆழமில்லையாம், பெரிசுங்க வராது. போத்தல் மூக்கன்தான் கப்பலோட ஓடி வரும்." ஒருத்தி குடத்தை நிரப்பாமலே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பள்ளிக்கூடத்திலும் சொன்னேன். டீச்சர் என் தலையைத் தடவினார். அந்த டீச்சர் அதற்கு முன் எங்களைக் குட்டத்தான் செய்வார்.

அடையாளங்கள் ஒவ்வொன்றாய் வந்தன. அப்பாவின் தலை ஈரம். அது மழை என்று தள்ளிவிட்டேன். எங்கள் அடுப்பு எரியவில்லை, பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்தது. அம்மாவுக்கு முடியவில்லை என்று தள்ளினேன். கட்டில் கிடந்த மூலையில் ஒரு விளக்கும் செம்பில் தண்ணீரும் வைத்தார்கள். அண்ணன் நல்லபடியாகப் போய்ச் சேர என்றார்கள். அப்பா மீசையை எடுத்தார். எங்கள் அப்பாவுக்கு மீசையில்லாவிட்டால் முகமே இல்லை. "கதிர்காமத்துக்கு வேண்டுதல்" என்றார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் இருந்தது.

பிறகு டவுனில் துணிக்கடையில் வேலை செய்த மாமா வந்தார். அம்மாவின் கூடப்பிறந்தவர். எப்போதும் எனக்கு லேஸ் துண்டு கொண்டுவருகிறவர், அன்றைக்கு வெறுங்கையோடு வந்து, சாயத் தேத்தண்ணி குடித்தார். பிறகு கோப்பையை வைத்துவிட்டு எழுந்து, பேசாமல் படியிறங்கினார்.

"மாமா, போயிட்டு வாரேன்னு சொல்லாமப் போறீங்களே?" என்று நான் கத்தினேன்.

மாமா அப்படியே நின்றார். திரும்பவில்லை. உள்ளே அம்மாவின் அகப்பைச் சத்தம் நின்றது. அப்பா மீசையில்லாத உதட்டைக் கையால் மூடிக்கொண்டார். மாமா நடந்து போய்ப் பனிமூட்டத்துக்குள் மறைந்தார்.

என் தொடையில் அம்மா கிள்ளிய இடம் ஞாபகம் வந்தது. அதோடு அந்தக் கிழமை முழுக்க வந்து போனவர்களை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். ஒருவர்கூடச் சொல்லிக்கொண்டு போகவில்லை. அதற்கு முன் இந்தியாவுக்குப் போனவர்களின் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் "போயிட்டு வாங்க" என்று வாய் வலிக்கச் சொன்னார்கள். அது ஒன்று. அப்பாவின் மீசை இன்னொன்று. இரண்டும் ஒத்துப் போயின.

நான் அழவில்லை. அட்டை கடிக்கும்போது வலிக்காதே, கால் நனைந்த பிறகுதான் ரத்தம் என்று தெரியும், அப்படி ஒன்றுமே தெரியவில்லை. உள்ளே போய்ப் பிஸ்கட் டின்னைத் திறந்து படங்களை வரிசையாகப் பரப்பினேன். பெட்டித்தலையன் இல்லை. சாக்குக்குக் கீழே, அடுப்புக்குப் பின்னால், தகரத்துக்கு இடையில் எல்லாம் தேடினேன். சுருங்கின தோல் யாருடையது என்று அப்படித்தான் தெரிந்தது. தெரிந்து என்ன, சொல்ல ஆளில்லை.

அன்று சாயங்காலம் அம்மா சோற்றைப் போட்டுவிட்டுத் தான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, "கப்பல் இந்நேரம் போய்ச் சேந்திருக்குமாம்மா?" என்று கேட்டேன். அம்மா தலையைத் தூக்கினாள். "சேந்திருக்கும்" என்றாள். பிறகு ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். மதுரையில் வெயில் எப்படி, அண்ணனுக்குச் சோறு யார் போடுவது, படிக்கிறானா. அம்மா பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்காத நாளில் அவள் படுத்துவிடுவாள், காலையில் பெயர் போடுகிற பெரட்டுக்குப் போக மாட்டாள், பெயர் போடாவிட்டால் சம்பளமில்லை என்று அப்பா கெஞ்சுவார். எனக்குத் தாங்காது என்று அவர்கள் மறைத்தார்கள். யாருக்குத் தாங்கவில்லை என்பது இந்த வயதில்தான் எனக்குப் பிடிபடுகிறது. அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. வாசலில் வந்து நின்ற பிள்ளைக்கு அந்த மனிதர் வேறு என்னத்தைச் சொல்வார்? பெரிய பிள்ளையான பிறகாவது யாராவது சொல்லியிருக்கலாம். அதற்கு மட்டும் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

அப்பா அந்தப் பேச்சை எடுக்காமலே போய்ச் சேர்ந்தார். எனக்குக் கச்சேரியில் வேலை கிடைத்து, அம்மாவைக் கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வீடு மாறும்போது பிஸ்கட் டின் எங்கே தொலைந்ததென்று தெரியாது. மழைத் தண்ணீர் பட்டுப் படங்கள் அதற்கு முன்பே ஒட்டிப்போயிருந்தன. நானும் அம்மாவும் ஒரே வீட்டில் அத்தனை வருசம் இருந்தோம். அண்ணன் இந்தியாவில் இருந்தான். பிறகு கேட்பது குறைந்தது. பிறகு நின்றுபோனது. நான் கல்யாணம் செய்துகொள்ளாததற்குக்கூட நீங்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறீர்கள், அது உங்கள் பாடு.

அம்மா கடைசியாகப் பேராதனை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பார்வை நேரம் முடிகிற மணி அடித்துவிட்டது. நான் போத்தலையும் துவாயையும் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணை மூடியபடி, "ஒங்கண்ணன் ஒங்கிட்டச் சொல்லாமப் போனான்னு ஒனக்கு வருத்தமா?" என்றாள்.

நான் துவாயை வெளியே எடுத்துத் திரும்ப மடித்தேன்.

"சொன்னான்டி. லொறியில ஏத்துறப்பச் சொன்னான். தங்கச்சிக்கிட்டச் சொல்லு, போயிட்டு வாரேன்னு சொன்னேன்னு."

கப்பல் என்று சொல்லவில்லை. கோச்சி என்று சொல்லவில்லை. லொறி என்றாள். தோட்டத்து லொறி, கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றிப் போகிற லொறி. அத்தனை வருசத்தில் முதல் தடவை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இதுவும் ஒரு பொய்தான், போகிற நேரத்தில் பிள்ளையை ஆற்றப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஒரு அடையாளம்தானே. ஒன்றுக்குப் பெயர் சொல்லக் கூடாது.

அம்மாவே தொடர்ந்தாள்.

"அந்த மீன் படம் ஒண்ணு வச்சிருந்தான். பெரிய தலை. ஒனக்குக் காட்டணும்னு சட்டைப் பையில போட்டுக்கிட்டுத்தான் போனான். அதுக்கப்புறம் அத எடுக்க எங்களுக்குக் கை வரல. அப்புடியே விட்டுட்டோம்."

படம் ஒன்று குறைந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. எந்தப் படம் என்பதையும் சொன்னதில்லை.

வார்டிலிருந்த தாதி சிங்களத்தில், நேரமாகிவிட்டது, போங்கள் என்றாள். நான் அம்மாவின் போர்வையைக் கால் வரைக்கும் இழுத்துவிட்டேன்.

"போயிட்டு வாரேன்ம்மா" என்றேன்.

"ம். போயிட்டு வா" என்றாள்.